அறுபதைத் தாண்டியவர்களுக்கு முதல் சஃபாரி: இடங்களைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள்

காட்டுயிர் சஃபாரி என்றால் இளவட்டங்களின் சமாச்சாரம், நமக்கு இனி எதற்கு என்று ஒதுங்கிவிடுகிற பெரியவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சஃபாரியில் நடை மிகக் குறைவு. ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கிற அளவுக்குக்கூடச் சில நாட்களில் நடக்க வேண்டியிருக்காது. வண்டியில் உட்கார்ந்து காத்திருப்பதும் பார்ப்பதும்தான் வேலை. அதற்கு வேண்டிய பொறுமை பெரியவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சிரமங்கள் வேறு வகையானவை. விடியுமுன் எழ வேண்டும். உயரமான வண்டியில் ஏறி இறங்க வேண்டும். மண் பாதையில் மணிக்கணக்கில் குலுங்கும். கழிப்பறை எப்போது வரும் என்று தெரியாது. அவசரம் என்றால் மருத்துவமனை தூரத்தில் இருக்கும். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது, ஆனால் காட்டுக்குள் போன பிறகு தேடினால் கிடைக்காது. திட்டமிடும்போதே செய்துவைக்க வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்கும், அப்பா அம்மாவை அழைத்துப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கும் அதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முன்பதிவுக்கு முன்னால் உடம்பு

பலர் டிக்கெட் போட்ட பிறகுதான் மருத்துவரைப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதையே உங்கள் உடல்நிலைதான் முடிவு செய்யப்போகிறது.

வீட்டிலேயே சிலவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் உயரப் படியில் கால் வைத்து ஏற முடிகிறதா? பல சஃபாரி வண்டிகளின் முதல் படி ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். மூன்று மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார முதுகு இடம் கொடுக்கிறதா? கழிப்பறைக்குப் போகாமல் இரண்டு மணி நேரம் தாங்குமா? எதற்காவது முடியாது என்று பதில் வந்தால் பயணத்தையே கைவிட வேண்டாம். அதற்கேற்ற சஃபாரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். புறப்பட இரண்டு மூன்று மாதம் இருக்கிறது என்றால் தினமும் படியேறி இறங்கிப் பழகுங்கள். தொடைத் தசை வலுவானால் வண்டியில் ஏறுவது மட்டுமல்ல, அது குலுங்கும்போது நிலைகுலையாமல் உட்காருவதும் எளிதாகும்.

மருத்துவரிடம் "சுற்றுலா போகிறேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. குலுங்கும் மண் பாதை, தூசி, பகல் வெயில், விடியற்காலைக் குளிர், மணிக்கணக்கான தொலைவில் மருத்துவமனை என்று விவரமாகச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முதுகெலும்பு பலவீனமாக இருந்தால் வண்டி ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்து எழுவதே முறிவை உண்டாக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், அண்மையில் இதயத்திலோ மூட்டிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் எல்லாரும் பயணத் தேதியைக்கூட மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படியே பல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். காட்டுக்கு நடுவே பல்வலி வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

2. எந்தக் காடு?

"சஃபாரிக்குச் சிறந்த இடம் எது" என்று தேடினால் சிங்கமும் சிறுத்தையும் எங்கே அதிகம் என்றுதான் பதில் வரும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: பாதை எப்படி, போய்ச்சேர எவ்வளவு நேரம், மலேரியா உண்டா, உயரம் எவ்வளவு?

முதல்முறை போகும் பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்வது தென்னாப்பிரிக்காதான். அங்குள்ள குரூகர் தேசியப் பூங்கா கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. இவ்வளவு பெரிய காட்டில் முக்கியச் சாலைகள் தார் போட்டவை. சாதாரணக் காரிலேயே போகலாம். தங்கும் முகாம்களில் கழிப்பறை, உணவகம், கடை எல்லாம் உண்டு. பூங்காவுக்குள்ளேயே ஸ்குகுசாவில் விமான நிலையம் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி கட்டிய அறைகளும் சில முகாம்களில் கிடைக்கின்றன. ஒரே குறை, குரூகர் மலேரியா பகுதி. மலேரியா மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதே நாட்டில் மலேரியா இல்லாத காப்பகங்கள் இருக்கின்றன: பிலானஸ்பெர்க், மடிக்வே, அடோ யானைப் பூங்கா. இவற்றில் பிலானஸ்பெர்க் எப்போதோ அணைந்துபோன எரிமலையின் வட்டத்துக்குள் அமைந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

குலுக்கலே ஆகாது என்பவர்களுக்குப் படகு. இந்த விஷயம் ஏனோ பலருக்கு எட்டுவதில்லை. போட்ஸ்வானாவின் சோபே ஆற்றில், கசானே ஊரிலிருந்து கிளம்பும் படகில் உட்கார்ந்தால் யானைக் கூட்டம் ஆற்றில் இறங்கி நீந்துவதையும், நீர்யானைகளையும், முதலைகளையும் பக்கத்திலேயே பார்க்கலாம். உகாண்டாவின் குயின் எலிசபெத் தேசியப் பூங்காவில் கசிங்கா கால்வாய், இந்தியாவில் கபினி நீர்த்தேக்கமும் பெரியாறு ஏரியும் இதே வகை. முதுகுக்கு வேதனை இல்லை, தூசி இல்லை, பல படகுகளில் நிழல் கூரையும் உண்டு. ஏறும் இடத்தில் மட்டும் ஒருவர் கை கொடுத்தால் போதும்.

நமீபியாவின் எட்டோஷாவில் இன்னொரு வசதி. ஒகாக்குவேயோ முகாமின் ஓரத்திலேயே ஒரு நீர்நிலை இருக்கிறது. இரவில் அதற்கு விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால், வறண்ட மாதங்களில் கருப்புக் காண்டாமிருகமும் யானையும் தண்ணீர் குடிக்க வரும். அறை நடக்கும் தூரத்தில். தூக்கம் வந்தால் எழுந்து போய்விடலாம். வண்டி ஏறவே முடியாதவருக்கும் சஃபாரி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்கா அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கென்யாவில் நைரோபியிலிருந்து மசாய் மாரா காப்பகத்துக்குச் சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம் ஆகும். வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் போனால் முக்கால் மணி நேரம். வசதி இருந்தால் விமானமே மேல். மிச்சமாகும் உடல்வலிக்கு விலை போட முடியாது. அம்போசெலி சமவெளி, யானைகளுக்குப் பேர்போனது, வானம் தெளிந்தால் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ பின்னணியில் தெரியும். ஆனால் வறண்ட காலத்தில் தூசி அதிகம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆகாது. தான்சானியாவின் இங்கோரோங்கோரோ எரிமலைக் குழியின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடுதிகள் பல அந்த விளிம்பில்தான். இரவில் நன்றாகக் குளிரும், மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு அந்த உயரம் தெரியும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் சஃபாரிகள் பெரும்பாலும் காலை ஒன்று, மாலை ஒன்று என்று சில மணி நேரங்களில் முடிந்துவிடும். அது ஒரு வசதி. இந்தியப் புலிக் காப்பகங்களில் ஓடும் திறந்த ஜிப்ஸி வண்டி உயரமானது, உள்ளே கால் நீட்டவும் இடம் குறைவு. காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கவும் அனுமதி இல்லை. இலங்கையின் உடவளவையில் ஆண்டு முழுவதும் யானைகளைப் பார்க்கலாம், ஒரு காலைப் பொழுதே போதும்.

முதல் பயணத்தில் வேண்டாம் என்று நான் தள்ளிவைப்பவை: உகாண்டா, ருவாண்டா மலைகளில் ஏறிப்போய் கொரில்லா பார்ப்பது, பல மணி நேர நடை சஃபாரி, மாராவின் மேல் வெப்பக்காற்று பலூன். பலூன் சுகமாகத்தான் மிதக்கும். ஆனால் கூடைக்குள் ஏறிக் குதிக்க வேண்டும், தரையிறங்கும்போது கூடை சாய்ந்து இழுபடவும் கூடும். முதுகு, இடுப்பு அறுவை சிகிச்சை ஆனவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

3. இடங்களைக் குறையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பயண நிறுவனங்கள் கொடுக்கும் திட்டத்தில் எட்டு நாளில் நான்கு பூங்காக்கள் இருக்கும். காகிதத்தில் பார்க்க நிறைவாக இருக்கும். உண்மையில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பெட்டி கட்டி, ஐந்து மணி நேரம் சாலையில் போய், புது அறையின் குளியலறை விளக்கு எங்கே என்று இருட்டில் தடவுவதுதான் மிஞ்சும். பெரியவர்கள் அதிகம் விழுவது புது இடத்தின் முதல் இரவில்தான் என்பது என் கணிப்பு.

எட்டு நாளுக்கு இரண்டு இடம் போதும். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று இரவு. நான்கு என்றால் இன்னும் நல்லது. ஒரே இடத்தில் தங்கினால் காட்டையும் கூடுதலாகப் பார்க்கலாம். நேற்று மாலை சிறுத்தை இரையை எந்த மரத்தில் ஏற்றி வைத்தது என்று வழிகாட்டிக்குத் தெரியும். இன்று காலை நேராக அங்கே போவார். உங்களுக்கு முட்டி வலி என்றும், பறவைகள் பிடிக்கும் என்றும்கூட இரண்டாம் நாளுக்குள் தெரிந்துகொண்டிருப்பார். தவிர, ஒரு நாள் அலுப்பாக இருந்தால் மாலை வண்டியை விட்டுவிட்டு முகாம் வராந்தாவில் உட்காரலாம். நாளைக்கும் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்ற நினைப்பே அந்த ஓய்வைக் குற்றவுணர்வில்லாமல் எடுக்க வைக்கும்.

இன்னொன்று: வந்து இறங்கிய மறுநாளே காட்டுக்குக் கிளம்ப வேண்டாம். விமானம் இறங்கும் ஊரில் ஓர் இரவு, முடிந்தால் ஒரு முழு நாள் ஓய்வு.

செலவை எதில் கூட்டலாம் என்று கேட்டால் தனி வண்டியில் என்பேன். சொகுசு அறையைக் குறைத்துக்கொண்டாவது வண்டியையும் ஓட்டுநரையும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார், திரும்பலாம் என்றால் திரும்புவார், முன்பின் தெரியாத ஐந்து பேரின் முகத்தைப் பார்த்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

4. எப்போது?

ஆப்பிரிக்காவின் பல பூங்காக்களுக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். புல் குறைந்து, விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், பார்ப்பது எளிது, கொசுவும் குறைவு. ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் ஜூன், ஜூலை விடியலில் திறந்த வண்டியில் குளிர் எலும்பைத் துளைக்கும். அங்கே மே, செப்டம்பர் மாதங்கள் பெரியவர்களுக்கு இதமானவை. இந்தியக் காடுகளில் புலியைப் பார்க்க ஏப்ரல், மே மாதங்களைத்தான் பரிந்துரைப்பார்கள். மத்திய இந்தியாவில் அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டும். புலி கொஞ்சம் அரிதாகத் தென்பட்டாலும் பரவாயில்லை, பிப்ரவரி, மார்ச்சில் போங்கள்.

மாரா ஆற்றை லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மான்கள் கடக்கும் காட்சி ஜூலை முதல் அக்டோபர் வரை. எல்லாரும் ஆசைப்படுவதுதான். ஆனால் ஆற்றங்கரையில் வண்டிகள் முண்டியடிக்க, வெயிலில், இறங்க வழியில்லாமல், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருந்தும் அவை கடக்காமல் திரும்பிப் போகலாம். முதல் பயணத்தில் இதை ஒரு குறிக்கோளாக வைக்காதீர்கள்.

5. தடுப்பூசி, மலேரியா, காப்பீடு

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகப் பயண மருத்துவத்தில் அனுபவமுள்ள ஒருவரைப் பாருங்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் மிகவும் யோசிக்க வேண்டியது. அந்த வயதுக்கு மேல் முதல்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். நோயெதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும், தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்களும் போட்டுக்கொள்ளவே கூடாது. கென்யா, உகாண்டா போன்றவை மஞ்சள் காய்ச்சல் பகுதிகள். தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும் அல்ல. ஆனால் கென்யா வழியாகத் தென்னாப்பிரிக்கா போனால் ஊசி போட்டதற்கான சான்றிதழ் கேட்கலாம். ஆக, ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் பாதையையே மாற்றுங்கள். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது, எனவே முன்பு எப்போதாவது போட்டிருந்தால் பழைய அட்டையைத் தேடி எடுங்கள்.

மலேரியா மாத்திரையைக் கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். அட்டோவாகோன்-புரோகுவானில் பலருக்கு ஒத்துக்கொள்ளும், போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பி வந்து ஏழு நாள் வரை சாப்பிட வேண்டும். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் வீரியத்தைக் கூட்டிவிடக்கூடும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நான்கு வாரம், அதோடு வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிப்போகும். மெஃப்ளோகுவின் மனநலச் சிக்கலோ வலிப்போ இதயத் துடிப்பில் கோளாறோ உள்ளவர்களுக்கு ஆகாது. எதை எடுத்தாலும் கொசுவிரட்டிக் களிம்பும், மாலையில் முழுக்கைச் சட்டையும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

காப்பீட்டில் பார்க்க வேண்டியவை இரண்டு. அவசரத்தில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா? ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோயை எழுத்தில் தெரிவித்து ஏற்றுக்கொள்ளச் செய்தீர்களா? மறைத்தால் பிரீமியம் குறையும், வேண்டிய நேரத்தில் பணம் வராது. கிழக்கு ஆப்பிரிக்காவில் நைரோபியைத் தளமாகக் கொண்ட ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் காட்டு ஓடுதளங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவருகிறார்கள். அந்தச் சேவை உங்கள் பயணத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

6. பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

இவற்றைத் தொலைபேசியில் கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

- வண்டி எந்த வகை? ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் திறந்த வண்டியில் உயரமாக ஏறி உட்கார வேண்டும். கிழக்குப் பகுதியில் கூரை திறக்கும் மூடிய வண்டியில் எழுந்து நின்றால்தான் நன்றாகத் தெரியும். ஏற முக்காலியோ சிறு ஏணியோ தருவார்களா?
- அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எத்தனை படி, எவ்வளவு தூரம்? கூடத்துக்குப் பக்கத்திலுள்ள அறையை ஒதுக்க முடியுமா?
- குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா?
- இரவு முழுவதும் மின்சாரம் இருக்குமா? சில முகாம்களில் ஜெனரேட்டரை இரவில் நிறுத்திவிடுவார்கள். தூக்கத்தில் மூச்சுக்கான சிபேப் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.
- மருந்து வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா?
- அருகிலுள்ள மருத்துவர் எங்கே, ஓடுதளம் எவ்வளவு தூரம்?

"எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்கிறவர்களை விட்டுவிடுங்கள். படிகளை எண்ணிச் சொல்கிற ஏஜென்ட் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

தனியார் காப்பகமா தேசியப் பூங்காவா என்ற கேள்வியும் வரும். தேசியப் பூங்காக்களில் பொதுவாகப் பாதையை விட்டு வண்டி விலகக் கூடாது, குறித்த இடங்களில்தான் இறங்கலாம். குரூகரை ஒட்டிய சாபி சாண்ட் போன்ற தனியார் காப்பகங்களில் புதருக்குள் வண்டியை விட்டு விலங்குக்கு மிக அருகே போவார்கள், குலுக்கல் அதிகம்தான். ஆனால் வழிகாட்டி பாதுகாப்பான இடம் பார்த்து எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடுவார். முதுகு தாங்குமா, சிறுநீர்ப்பை தாங்குமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

7. மூட்டை

சிறிய விமானத்தில் போகிறவர்களுக்குக் கைப்பையும் சேர்த்துக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் 15 கிலோ, போட்ஸ்வானாவில் 20 கிலோதான் அனுமதி. அதுவும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஆகாது, மடங்கும் துணிப்பை வேண்டும். முகாம்களில் துணி துவைத்துத் தருவார்கள், கவலை வேண்டாம். கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. மருந்தைக் கட்டிக்கொண்டு போகத் துணிப்பை எடுங்கள்.

துணி காக்கி, சாம்பல், வெளிர்பச்சை நிறங்களில் இருக்கட்டும். கருநீலமும் கருப்பும் செட்சீ ஈக்களை ஈர்க்கும். அது கடித்தால் நன்றாக வலிக்கும். ராணுவப் புள்ளிபோட்ட உடை ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் சட்டவிரோதம். கழற்றிக் கழற்றி மாட்டும்படி அடுக்கடுக்காக உடுத்துங்கள்: விடியலில் கம்பளியும் கையுறையும் வேண்டும், பத்து மணிக்கு அரைக்கைச் சட்டை போதும். தாடைக்குக் கீழே கட்டும் தொப்பி, தூசிக்கு முகக்கவசம், காற்று ஊதும் சிறிய மெத்தை, இரவுக்குத் தலையில் கட்டும் டார்ச், மாற்றுக் கண்ணாடி, செவிக்கருவிக்கு உபரி பேட்டரி. பைனாகுலர் ஆளுக்கொன்று. கை லேசாக நடுங்குகிறவர்களுக்கு எட்டு மடங்கு பெரிதாக்குவதே நல்லது, பத்து மடங்கில் நடுக்கமும் பெரிதாகிக் காட்சி ஆடும்.

மருந்து முழுவதும் கைப்பையில். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் ஒரு மாத்திரைகூட வைக்காதீர்கள். தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, இருவர் போனால் இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். பொதுப்பெயர் எழுதிய மருந்துச்சீட்டு கட்டாயம். இன்சுலினை வெயில் படும் வண்டியில் விடக்கூடாது, உறைந்துபோகவும் கூடாது. தண்ணீரில் நனைத்தால் குளிர்ச்சி தரும் சிறு பைகள் கிடைக்கின்றன, அவை போதும்.

நீண்ட விமானப் பயணத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், மருத்துவர் சொன்னால் இறுக்கக் காலுறை அணிவதும் அதற்குத்தான்.

8. வண்டிக்குள்

நடு வரிசையில் உட்காருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் குலுக்கல் குறைவு. கடைசி வரிசை உயரமாக இருப்பதால் காட்சி நன்றாகத் தெரியும், ஆனால் பள்ளம் வரும்போதெல்லாம் தூக்கிப்போடும். ஓட்டுநர் பக்கத்து இருக்கை ஏறுவதற்கு எளிது. காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கும் அதுவே நல்லது. முதுகை இருக்கையில் விறைப்பாக அழுத்திக்கொள்ளாமல் கொஞ்சம் தளர்வாக, கம்பியைப் பிடித்தபடி உட்காருங்கள். "மெதுவாகப் போங்கள்" என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர்கள் தவறாக நினைப்பதில்லை, அவர்கள் முதுகும் அதே வண்டியில்தான் இருக்கிறது.

விலங்கின் அருகே திறந்த வண்டியில் எழுந்து நிற்கக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது. வண்டியையும் அதிலுள்ளவர்களையும் அவை ஒரே உருவமாகப் பார்த்துப் பழகியவை. அந்த உருவம் கலைந்தால் மிரளும்.

சரி, கழிப்பறை. யாரும் வாய்விட்டுப் பேசாத, எல்லாரும் கவலைப்படுகிற விஷயம். இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வண்டி ஏறுகிற பெரியவர்கள் உண்டு. இதுதான் மிக மோசமான யோசனை. வயதானால் தாக உணர்வு ஏற்கெனவே குறைந்திருக்கும். வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் தலைசுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரிசையாக வரும். குடியுங்கள், ஒரே மூச்சில் குடிக்காமல் சிறிது சிறிதாக. புறப்படுமுன் ஒரு முறை போய்விட்டு வாருங்கள். காலை நேரத்தில் காப்பி, தேநீரைக் குறைத்துக்கொள்ளலாம், அவை அடிக்கடி போக வைக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், அதை வண்டி திரும்பிய பிறகு எடுத்துக்கொள்ளலாமா என்று ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

அவசரம் என்றால் வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். அவருக்கு இது தினசரி நடப்பது. இறங்க அனுமதியுள்ள இடமாக இருந்தால் சுற்றிலும் பார்த்து, வண்டியின் மறைவில் ஏற்பாடு செய்வார். குனிந்து உட்கார முடியாதவர்கள் சிறிய மடிப்பு இருக்கை ஒன்று எடுத்துப்போகலாம். இறங்கவே முடியாத பூங்காக்களுக்கு உறிஞ்சும் உள்ளாடை அணிந்து போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் நிம்மதியில் காட்டைக் கவனிக்கலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் காலை உணவு ஒன்பதுக்கோ பத்துக்கோதான். விலங்கு ஏதாவது தென்பட்டால் அதுவும் தள்ளிப்போகும். வழக்கம்போல ஏழு மணிக்கு மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கொறிக்க ஏதாவது சட்டைப்பையிலேயே இருக்கட்டும், பெரிய பையில் வைத்தால் கால்மாட்டில் எங்கோ போய்விடும். கூட வருகிறவருக்கும் வழிகாட்டிக்கும் அறிகுறிகளைச் சொல்லிவையுங்கள்.

9. முகாமில்

வந்து சேர்ந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, படுக்கையிலிருந்து குளியலறைக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே படி, எங்கே விரிப்பு மடிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கூடார முகாம்களில் வாசலே ஜிப் வைத்ததாக இருக்கும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அதைத் திறப்பது பெரும்பாடு. ஒரு சாவி வளையத்தையோ கயிற்றையோ ஜிப்பில் மாட்டிவிட்டால் இழுக்கச் சுலபம்.

பல முகாம்களைச் சுற்றி வேலி கிடையாது. இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் அறையை விட்டு வெளியே வரவே கூடாது, பத்தடி தூரமாக இருந்தாலும். கூப்பிட விசிலோ ரேடியோவோ அறையில் இருக்கும். எப்படிப் பயன்படுத்துவது என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் குரங்குத் தொல்லை: திறந்து வைத்த அறைக்குள் நுழைந்து மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மருந்து பூட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும்.

மதியம் இரண்டு மணி நேரம் படுத்துவிடுங்கள். வெயில் நேரத்தில் சிங்கமும் அதைத்தான் செய்கிறது.

10. திரும்பி வந்த பிறகு

மலேரியா மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், மேலே சொன்ன நாள் கணக்கு முடியும் வரை தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், அது சாதாரணச் சளிக்காய்ச்சலாகவே தோன்றினாலும், அன்றே மருத்துவரைப் பாருங்கள். எந்த நாட்டுக்கு, எந்தத் தேதிகளில் போனீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் இது பொருந்தும். அப்பா அம்மாவை அழைத்துப்போன பிள்ளைகள் அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி அவர்களுடைய மருத்துவக் கோப்பிலேயே வைத்துவிடலாம்.